‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று டாக்டர் சொன்னால்

கரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மகளுக்கு இரண்டு வயது பத்து மாதம், எடை 12 கிலோ. ஜூனில் பிளே ஸ்கூலில் சேர்த்ததிலிருந்து சளி விட்டபாடில்லை. அந்த மாதமே காய்ச்சலும் காதுவலியும் வர, மெடிக்கலில் சொல்லி வாங்கிய அஸித்ரோமைசினை மூன்று நாள் கொடுத்திருக்கிறார். ஆகஸ்டில் மறுபடியும் வலி. ஒரு கிளினிக்கில் காதைப் பார்க்காமலே செஃபிக்ஸிம் ஐந்து நாளுக்கு எழுதிக்கொடுத்தார்கள். செப்டம்பர் கடைசியில் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்ததால் இவரே நிறுத்திவிட்டார். அதன்பின் குழந்தையின் நோட்டில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று எழுதப்பட்டுவிட்டது.

நவம்பரில் நான்காவது முறை. இந்தத் தடவை ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் வேறொரு குழந்தை மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள். அவர் காதுக்குள் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, "வலது காதில் மட்டும் தொற்று இருக்கிறது, காய்ச்சல் 100தான், ஆன்டிபயாட்டிக் இப்போதைக்கு வேண்டாம். பாராசிட்டமால் கொடுங்கள், ரெண்டு நாள் பார்ப்போம். குறையாவிட்டால் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அன்று இரவு குழந்தை தூங்கவில்லை. மாமியார் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இரண்டு சொட்டு காதில் விட்டார். மறுநாள் விடிகாலையில் தலையணை உறையில் மஞ்சளாக, லேசாக ரத்தம் கலந்த கறை. குழந்தையோ வலியே இல்லாதவள் போல எழுந்து இட்லி கேட்டிருக்கிறாள். பயந்துபோன தாய், ஃபிரிட்ஜ் கதவில் ஆகஸ்டிலிருந்து இருந்த செஃபிக்ஸிம் பாட்டிலை எடுத்து இரண்டு நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் சீழ் நின்றது. "ஒன்றுமே தராமல் அனுப்பியவரிடம் திரும்ப எதற்குப் போக வேண்டும்" என்று வீட்டில் சொல்லிவிட்டதால் டாக்டரிடம் போகவில்லை.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் குழந்தை திரும்புவதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறாள். ஸ்கூல் மிஸ்ஸும் அதையே சொல்லியிருக்கிறார். தாயின் கேள்விகள் இவை: அந்த டாக்டர் அலட்சியம் செய்தாரா? பாதியில் நிறுத்திய மருந்தை மறுபடி கொடுக்க வேண்டுமா? நிஜமாகவே அலர்ஜியா? "என் பிள்ளைக்குக் காது கேட்காமல் போய்விடுமா, டாக்டர்? நான்தான் காரணமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். அதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பீர்கள் என்று தெரிகிறது. நீங்கள் காரணம் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது, உங்கள் மகளின் செவி நரம்பு கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கியிருக்கிறது என்பதுதான் என் ஊகம். அது பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாக வற்றிவிடும். ஆனாலும் ஊகத்தோடு விடக்கூடாது. இந்த வாரமே காதைக் காட்டுங்கள். எங்கே, எதற்கு என்பதைக் கீழே எழுதுகிறேன்.

நடுச்செவி என்பது செவிப்பறைக்குப் பின்னால் பட்டாணி அளவுக்கு இருக்கிற ஒரு காற்றறை. அதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். காதுக்குள் காற்றை விடுவதும், சேர்கிற நீரை வடிப்பதும் அதன் வேலை. பெரியவர்களுக்கு இந்தக் குழாய் நீளமாக, சரிவாக இருக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவசமாக இருக்கும். சளி பிடித்தால் அந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிறது. பின்னால் தேங்குகிற நீரில் மூக்கில் இருந்த கிருமி பெருகுகிறது. அதனால்தான் காதுவலி பெரும்பாலும் சளியின் மூன்றாம் நாள், நான்காம் நாள் ராத்திரியில் வந்து நிற்கிறது. தலைக்கு ஊற்றியபோது தண்ணீர் போனதால் வந்திருக்குமோ என்று எழுதியிருந்தீர்கள். முழுசாக இருக்கிற செவிப்பறையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. இந்தத் தொற்று வருவது மூக்கு வழியாக.

‘என் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்குப் போக ஆரம்பித்த குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது வழக்கம்தான். அவள் எடை ஏறுகிறாள், இடையில் நன்றாக விளையாடுகிறாள் என்றால் எதிர்ப்பு சக்தி டானிக் எதுவும் வேண்டாம்.

முதல் நாள் ஆன்டிபயாட்டிக் தராதது தவறா?

இல்லை. இரண்டு வயது தாண்டிய குழந்தை, ஒரு காதில் மட்டும் தொற்று, காய்ச்சல் 102.2 டிகிரிக்குக் கீழே, சீழ் வடியவில்லை, வலி வந்து இரண்டு நாள் ஆகவில்லை. இப்படி இருந்தால் உடனே ஆன்டிபயாட்டிக் தரலாம், அல்லது 48 முதல் 72 மணி நேரம் கவனித்துப் பார்க்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. லேசான காதுத் தொற்றில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலையும்.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கைச் சொல்கிறேன். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கைப்படி, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நூற்றில் அறுபது குழந்தைகளுக்கு முதல் 24 மணி நேரத்திலேயே வலி போய்விடுகிறது. இரண்டு மூன்று நாள் கழித்தும் வலி இருக்கக்கூடிய ஒரு குழந்தைக்கு உதவ, இருபது குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே மருந்தால் பதினான்கில் ஒரு குழந்தைக்கு வாந்தியோ, வயிற்றுப்போக்கோ, தோலில் தடிப்போ வருகிறது. இன்னொன்று: ஆன்டிபயாட்டிக் முதல் நாள் ராத்திரி வலியைக் குறைப்பதே இல்லை. அன்று ராத்திரி உங்கள் மகளுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்திருந்தாலும் அவள் அழுதிருப்பாள்.

அந்த ராத்திரிக்கு மருந்து வலி நிவாரணிதான். அதைத்தான் டாக்டர் எழுதிக் கொடுத்தார். ‘சூடு மருந்து’ என்று பயந்து இரண்டே வேளை, அதுவும் இரண்டு மில்லி வீதம் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாராசிட்டமால் அளவு வயதுக்கு இல்லை, எடைக்கு: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 12 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மி.கி. பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று இருந்தால் 3 மி.லி. 120 மி.கி. என்று இருந்தால் 6 மி.லி. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் இன்னும் அடர்த்தி. பெரும்பாலும் ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும். அதை சிரப் கணக்கில் ஊற்றினால் ஆபத்து. ஆகவே பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், பாட்டிலில் உள்ள எண்ணைப் படியுங்கள். காதுவலி இருக்கும் முதல் இரண்டு நாளும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல் கொடுத்தால், பிள்ளையும் தூங்கும், நீங்களும் தூங்கலாம். சமையலறை ஸ்பூனால் அளக்க வேண்டாம். பாட்டிலோடு வரும் மூடியோ சிரிஞ்சோ போதும்.

உங்கள் டாக்டர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் காதைப் பார்த்தார் என்பது. கேட்டால் எளிதாகத் தோன்றும். திமிறுகிற மூன்று வயசுக் குழந்தையை அம்மா மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்து, ஒரு கையால் தலையை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, காது மடலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, மூன்று நான்கு நொடிக்குள் பார்த்துவிட வேண்டும். பாதிக் காதில் குறும்பி மறைக்கும். நல்ல செவிப்பறை வெங்காயத்தின் உள்தோல் மாதிரி, முத்துச் சாம்பல் நிறத்தில், பின்னால் இருப்பது மங்கலாகத் தெரிகிற மாதிரி இருக்கும். தொற்று வந்தது வெளியே பிதுங்கி, சீழ் வைத்த கொப்புளம் மாதிரி நிற்கும். அழுகிற குழந்தைக்கும் காய்ச்சல் அடிக்கிற குழந்தைக்கும் செவிப்பறை சிவந்துதான் இருக்கும். சிவப்பை மட்டும் வைத்துத் தொற்று என்று சொல்ல முடியாது. ஜூனிலும் ஆகஸ்டிலும் யாரும் காதுக்குள் பார்க்கவில்லை. அந்த இரண்டும் நிஜமாகவே நடுச்செவித் தொற்றுதானா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. இது பிறகு ஒரு முக்கியமான முடிவில் வந்து நிற்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தலையணைக் கறை

உங்களிடம் நான் உரிமையோடு சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்பதில் இரண்டு பாதி உண்டு. பார்ப்பது ஒரு பாதி. நிலைமை மாறினால் திரும்பி வருவது மறு பாதி. முதல் பாதி மட்டும் நடந்தால் அது சிகிச்சை ஆகாது.

விடிகாலையில் நடந்தது என்னவென்றால், உள்ளே தேங்கிய சீழின் அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் ஒரு சின்ன ஓட்டை விழுந்து, சீழ் வெளியே வந்துவிட்டது. அழுத்தம் போனதும் வலி போய்விட்டது. அதனால்தான் இட்லி கேட்டாள். கறையைப் பார்த்து நீங்கள் பதறியது இயல்பு. ஆனால் இந்த ஓட்டை பெரும்பாலும் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தானாக மூடிக்கொள்ளும். அதே சமயம், சீழ் வடிந்துவிட்டால் ‘காத்திருக்கலாம்’ என்ற கணக்கும் அதோடு முடிகிறது. அன்று காலை நீங்கள் திரும்பிப் போயிருந்தால், அதே டாக்டர் அநேகமாக ஆன்டிபயாட்டிக் எழுதியிருப்பார். முதல் நாள் வேண்டாம் என்றவர் மறுநாள் வேண்டும் என்பது முரண்பாடு போலத் தோன்றலாம். நோய் மாறியது, மருந்தும் மாறுகிறது.

டாக்டர் இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எது நடந்தால் உடனே வர வேண்டும், எந்த நம்பரில் கூப்பிடலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் வீட்டில் அந்தப் பேச்சே வந்திருக்காது. ஒரு மணி நேர பஸ் பயணம் என்பதால் அடுத்த தடவை இதையும் கேளுங்கள்: "டாக்டர், ஆன்டிபயாட்டிக்குக்கு இப்போதே சீட்டு எழுதித் தாருங்கள். ரெண்டு நாளில் குறையாவிட்டாலோ சீழ் வந்தாலோ உங்களுக்கு போன் பண்ணிவிட்டு வாங்கிக்கொள்கிறேன்." பிரிட்டனில் இப்படித் தள்ளிப்போட்ட சீட்டு கொடுப்பது சாதாரணமான நடைமுறை. நம் ஊரிலும் கேட்டால் பல டாக்டர்கள் சம்மதிப்பார்கள். என்ன நோய், எந்தக் காது, ஏன் இந்த மருந்து என்று கேட்பதும், அதை எழுத்தில் வாங்குவதும் உங்கள் உரிமை. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள்.

பூண்டு எண்ணெய் பற்றி. உங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பேத்தி அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அவர் செய்தது அது. அவரால்தான் செவிப்பறை ஓட்டையானது என்று வீட்டில் யாராவது சொன்னால், அது தவறு. ஓட்டை விழுந்தது உள்ளிருந்து. ஆனால் ஓட்டை இருக்கிற காதில் எண்ணெய் உள்ளே இறங்கும், கிருமியைக் கொண்டுபோகும், பூஞ்சை பிடிக்கும், சூடு அதிகமானால் வெந்தும் போகும். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் எண்ணெய், தாய்ப்பால், துளசிச்சாறு எதுவும் காதுக்குள் வேண்டாம். பாட்டியின் கை வைத்தியத்துக்கு வேறு வேலை உண்டு: வெதுவெதுப்பான துணியைக் காதுக்கு வெளியே ஒத்தடமாக வைத்து, தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வது. அது நிஜமாகவே சுகம் தரும்.

ஃபிரிட்ஜ் கதவில் இருந்த பாட்டில்

பவுடராக வருகிற ஆன்டிபயாட்டிக் சிரப்பில் தண்ணீர் கலந்துவிட்டால் அதன் ஆயுள் ஒன்று அல்லது இரண்டு வாரம்தான். லேபிளிலேயே எழுதியிருக்கும். அட்டையில் இருக்கிற காலாவதித் தேதி கலக்காத பவுடருக்கு. ஆகஸ்டில் கலக்கிய மருந்து நவம்பரில் மருந்தே இல்லை. ஆகவே ‘ரெண்டு நாள் கொடுத்ததில் சீழ் நின்றது’ என்று அந்த பாட்டிலுக்குப் பெயர் வாங்கிக் கொடுக்க வேண்டாம், நின்றது தானாக. மறுபடி அதைக் கொடுக்கவும் வேண்டாம். இப்போது காய்ச்சலும் சீழும் இல்லாதபோது எந்த ஆன்டிபயாட்டிக்கும் தேவையில்லை. தங்கியிருக்கிற நீரை ஆன்டிபயாட்டிக் வற்ற வைக்காது.

‘அஸித்ரோமைசின் கேட்கவில்லை, செஃபிக்ஸிம் கேட்கவில்லை, உடம்பு பழகிவிட்டது, அடுத்து இன்னும் ஸ்ட்ராங்கா வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பு மருந்துக்குப் பழகுவதில்லை. மூக்கிலும் தொண்டையிலும் குடலிலும் குடியிருக்கிற கிருமிகள்தான் பழகுகின்றன. மருந்துக்குச் சாகாதவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. அப்புறம், ஸ்ட்ராங் மருந்து, லேசான மருந்து என்று ஒரு ஏணி கிடையாது. எந்தக் கிருமிக்கு எது என்பதுதான் கேள்வி. நடுச்செவித் தொற்றில் முக்கியமான பாக்டீரியா மூன்று: நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா. இவற்றில் அதிகத் தொந்தரவு தருவது நிமோகாக்கஸ். அஸித்ரோமைசினுக்கு அது பல இடங்களில் மசிவதில்லை. செஃபிக்ஸிமும் நிமோகாக்கஸுக்கு அவ்வளவாகப் பலனில்லாத மருந்து. பழைய, விலை குறைந்த அமாக்ஸிசிலின்தான் இன்றும் காதுக்கு முதல் மருந்து. ஆனால் போதிய அளவு வேண்டும்: ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 90 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து. இந்த அளவைப் பார்த்து ‘இவ்வளவா’ என்று பாதியாகக் குறைத்துக் கொடுக்கிற பெற்றோர் நிறைய. அளவு குறைந்தால் காதுக்குள் மருந்து போதுமானபடி போய்ச் சேராது.

உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது: சாதாரணத் தொற்றுகளுக்கு முதலில் எடுக்க வேண்டியவை, கவனமாக எடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று பத்திரப்படுத்த வேண்டியவை. அமாக்ஸிசிலின் முதல் வகை. நீங்கள் மெடிக்கலில் கேட்டு வாங்கிய அஸித்ரோமைசினும், ஃபிரிட்ஜில் வைத்திருந்த செஃபிக்ஸிமும் இரண்டாம் வகை. ஆன்டிபயாட்டிக்கைச் சீட்டில்லாமல் விற்பதை நம் சட்டம் அனுமதிப்பதில்லை. செஃபிக்ஸிம் போன்றவை 2014 மார்ச் முதல் ‘எச்1’ என்ற கடுமையான பட்டியலில் இருக்கின்றன. நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு ஓடினால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம். மெடிக்கல்காரர் தெரிந்தவராக இருக்கலாம், நல்ல மனிதராகவும் இருக்கலாம். அவரிடம் காதுக்குள் பார்க்கிற கருவி இல்லை.

பாதியில் நிறுத்தியது பற்றி ஒரு வார்த்தை. எத்தனை நாள் என்பதை வயதும் தீவிரமும் முடிவு செய்கின்றன. இரண்டு வயதுக்குக் கீழே பத்து நாள், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை தொற்று கடுமையாக இல்லாவிட்டால் ஏழு நாள் என்பது பொதுவான கணக்கு. கைக்குழந்தைகளுக்கு ஐந்து நாளோடு நிறுத்திப் பார்த்த 2016ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஐந்து நாள் கொடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நோய் கேட்கவில்லை. பத்து நாள் கொடுத்தவர்களில் 16 சதவீதம்தான். ஆகவே ‘பிள்ளை விளையாடுகிறாள், போதும்’ என்று வீட்டில் முடிவு செய்யாமல், டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.

நோட்டில் எழுதிய ‘பென்சிலின் அலர்ஜி’

நீங்கள் விவரித்தது அலர்ஜி மாதிரி இல்லை. நான்காம் நாள் தண்ணீராக நாலைந்து தடவை போனது, உடம்பில் தடிப்பு இல்லை, முகம் வீங்கவில்லை, மூச்சு இரைக்கவில்லை, நிறுத்திய மறுநாள் சரியானது. அந்தக் கூட்டு மருந்தில் இருக்கிற கிளாவுலனேட் குடலைக் கிளறிவிடுவது எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு. அலர்ஜி என்றால் கொடுத்த கொஞ்ச நேரத்தில் அரிப்போடு தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் என்று வரும். அந்த ஒரு வரியால் இனி எந்த டாக்டரும் உங்கள் மகளுக்கு அமாக்ஸிசிலின் எழுதத் தயங்குவார். தேவையில்லாமல் பெரிய மருந்துக்குப் போவார். நாளைக்கு நிமோனியா என்று வந்தாலும் அந்த வரி குறுக்கே நிற்கும். நீங்களாக அடித்துவிட வேண்டாம். நடந்ததை அப்படியே டாக்டரிடம் சொல்லி, அவர் கையால் திருத்தச் சொல்லுங்கள்.

கூப்பிட்டால் திரும்பாதது

தொற்று ஆறிய பிறகும் நடுச்செவியில் நீர் கொஞ்ச காலம் தங்கும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பத்தில் ஆறேழு குழந்தைகளுக்கு இருக்கும். ஒரு மாதத்தில் நான்கு பேருக்கு. மூன்று மாதத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. காதில் விரலை வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி சத்தம் மங்கலாக விழும். மெல்லப் பேசினால் கேட்காது, சத்தமான இடத்தில் கேட்காது. குழந்தைக்கு ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்லத் தெரியாது. சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை என்று திட்டு வாங்கும். உங்கள் மகளை அப்படித் திட்டாமல், இதைக் கவனித்து எழுதினீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும்.

இந்த வாரம் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஓட்டை மூடிவிட்டதா, உள்ளே நீர் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். டிம்பனோமெட்ரி என்று ஒரு சோதனை; காதில் சின்ன ரப்பர் முனையை வைத்துச் சில நொடியில் எடுத்துவிடுவார்கள், வலிக்காது. ஓட்டை இன்னும் இருந்தால் அதுவும் இதில் தெரியும். இந்த வயதுக்குக் கேட்கும் திறன் சோதனையை விளையாட்டுப் போல, சத்தம் கேட்டால் கட்டையைக் கூடையில் போடச் சொல்லி எடுப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது. பொதுவாக நீர் மூன்று மாதம் வற்றாமல் இருந்தால்தான் கேட்கும் சோதனை. ஆனால் உங்கள் மகளின் பேச்சு எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று வயது நெருங்கும் குழந்தை மூன்று வார்த்தை சேர்த்துப் பேச வேண்டும். வெளியாட்களுக்கும் ஓரளவு புரிய வேண்டும். அப்படி இல்லை என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே சோதனை செய்யச் சொல்லுங்கள்.

நீர் இருக்கிறது என்று சொன்னால், காத்திருக்கிற மாதங்களில் வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது. பேசும் முன் டிவியை நிறுத்துங்கள். பக்கத்தில் போய், அவள் உயரத்துக்குக் குனிந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். அடுப்படியிலிருந்து கத்திக் கூப்பிடாமல் தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள். ஸ்கூலில் முன் வரிசையில், அவளுடைய நல்ல காது மிஸ் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வையுங்கள். ஓட்டை மூடிவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை, தலைக்கு ஊற்றும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காது வாசலில் வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். பட்ஸ், ஹேர்பின் எதுவும் உள்ளே போகக்கூடாது.

நீரை வற்ற வைக்க என்று சளி சிரப் கொடுப்பதில் பலனில்லை. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்துவிட்டது. உங்கள் வீட்டில் இருக்கிற சளி சிரப்பின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

ஆபரேஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செவிப்பறையில் ஒரு சின்னக் குழாய் பொருத்துவது. ஆறு மாதத்தில் மூன்று தடவை அல்லது வருஷத்தில் நான்கு தடவை நிஜமான நடுச்செவித் தொற்று வந்தால், அல்லது நீர் மூன்று மாதத்துக்கு மேல் தங்கிக் கேட்கும் திறனைக் குறைத்தால் அதைப் பற்றிப் பேசலாம். உங்கள் கணக்குப்படி ஜூனிலிருந்து நான்கு தடவை. ஆனால் முதல் இரண்டு தடவையும் யாரும் காதைப் பார்க்கவில்லை என்று மேலே சொன்னேனே, அந்த விஷயம் இங்கேதான் வருகிறது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது கடைசி ஒன்றைத்தான். செப்டம்பரில் பார்த்தவர் காதைப் பார்த்தாரா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் குழாயைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. அவள் வாயைத் திறந்து தூங்குகிறாளா, குறட்டை விடுகிறாளா என்பதையும் இ.என்.டி. டாக்டரிடம் சொல்லுங்கள், மூக்கின் பின்னால் இருக்கிற அடினாய்டு சதை பெருத்திருந்தால் அதுவும் யூஸ்டேஷியன் குழாயை அடைக்கும்.

ராத்திரியானாலும் கிளம்ப வேண்டிய நேரம்

அடுத்த தடவை காதுவலி வரும்போது இவற்றில் எதைக் கண்டாலும் ‘ரெண்டு நாள்’ கணக்கு கிடையாது:

- காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வீங்கிச் சிவந்து, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது
- முகம் ஒரு பக்கம் கோணுவது
- கழுத்தை அசைக்க முடியாமல், எழுப்ப எழுப்ப மயங்கிக் கிடப்பது, விடாத வாந்தி

காய்ச்சல் 102.2க்கு மேல் போனாலோ, சீழ் வந்தாலோ, வலி இரண்டு நாளில் குறையாவிட்டாலோ மறுநாள் காலையே போக வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருப்பு என்பதே இல்லை. இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று இருந்தால் முதல் நாளே ஆன்டிபயாட்டிக்தான். உங்களுக்குச் சொன்ன ‘பார்ப்போம்’ பக்கத்து வீட்டுப் பத்து மாதக் குழந்தைக்கு அப்படியே பொருந்திவிடாது. அவர்களுக்கு இதை வைத்து யோசனை சொல்லிவிடாதீர்கள்.

வராமல் தடுக்க முழு வழி எதுவும் இல்லை. படுத்தபடி பால் பாட்டில் குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை கூடாது. கொசுவர்த்திப் புகையையும் குறையுங்கள். தடுப்பூசி அட்டையில் நிமோகாக்கல் ஊசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு அட்டவணையில் இலவசமாகப் போடுகிறார்கள். நிமோகாக்கஸ் காதுத் தொற்றையும் அது ஓரளவு குறைக்கும்.

இ.என்.டி. டாக்டரிடம் போகும்போது மூன்றைக் கையில் எடுத்துப் போங்கள். ஜூனிலிருந்து எந்தத் தேதியில் என்ன வந்தது, என்ன மருந்து எத்தனை நாள், யார் காதைப் பார்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதியது. அலர்ஜி என்று எழுதிய நோட்டு. அவள் பேசுவதை வீட்டில் எடுத்த ஒரு நிமிட வீடியோ. பார்த்த பிறகு, ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்ற டாக்டரிடமும் ஒரு நடை போய், சீழ் வந்ததைச் சொல்லுங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். அன்று ராத்திரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர்தான், அவருக்கும் கேட்க நிறைய இருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற அந்த பாட்டிலை இன்றைக்கே எடுத்து, காபித்தூள் சக்கையோ மண்ணோ கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.